மாலை போட்ட ஜாம் போத்தல்

ஒரு ஜாம் போத்தலுக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, கைதட்டிய கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்த விழாவின் ஏற்பாட்டாளனே நான்தான். போத்தலுக்குள் நெல்மணி அளவில் ஒரு பூச்சி கிடந்தது. அதற்குத்தான் பெயர் சூட்டு விழா.

போத்தலுக்கு வலப்பக்கத்தில் எங்கள் பணிப்பாளர் அருளம்பலம் சேர், பட்டு வேட்டியில். இடப்பக்கத்தில் என் மனைவி செல்வராணி, கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு. நடுவில் நான், கழுத்தெல்லாம் வேர்வை. அந்தப் பூச்சிக்கு இந்த இருவரில் ஒருவருடைய பெயரைத்தான் வைக்க முடியும். அது எனக்குத் தெரியும், செல்வராணிக்கும் தெரியும். பணிப்பாளருக்குத் தெரியாது.

சென்ற கிழமை முதலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இல்லை ஐயா, ஓய்வு பெற்றுவிட்டேன். வேலை இருந்த காலத்திலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதில்லை. அதைத்தான் இந்தக் கிழமை சொல்லப்போகிறேன்.

மருந்தில்லாத ஆலோசகர்

தொண்ணூறுகளின் முற்பகுதி. கிளிநொச்சியில் ஒரு விவசாய அலுவலகத்தில் நான் பூச்சி மருந்து ஆலோசகர். கமக்காரர் ஓடி வந்து, "ஐயா, நெற்பயிரில அறக்கொட்டிப் பூச்சி விழுந்திட்டுது" என்பார். எந்த மருந்தை எத்தனை மூடி கலப்பது என்று நான் சொல்ல வேண்டும். ஆனால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் மருந்து வருவதில்லை. யுத்தத்தால் மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை இருந்த காலம். ஆகவே எந்த மருந்து கிடைக்காது என்பதைத் துல்லியமாகச் சொல்வதே என் உத்தியோகமாக இருந்தது.

இதற்கு ஒரு பட்டதாரி எதற்கு என்று மேலிடத்துக்கே தோன்றியிருக்க வேண்டும். கட்டடத்தின் பின்னறையில் இருந்த நூதனசாலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நூதனசாலை, அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று அலுமாரி, ஒரு மேசை, ஒரு கதிரை, பஞ்சு திணித்த அந்த முதலை, அதற்குக் காவலாளி மாரிமுத்து. மாரிமுத்துவுக்கு ஜெயபுரம். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் வயதுதான் அவருக்கும். ஆனால் என்னைவிட மூன்று மடங்கு நிதானம்.

மூன்றாவது அலுமாரியைத் திறந்தபோது நாற்பது சின்னச் சின்னப் போத்தல்கள். எந்தக் காலத்திலோ ஒரு நீர்ப்பாசன அதிகாரி குளம் குளமாகப் போய்ப் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்த பூச்சிகள். சிட்டைகளில் இரணைமடு, அக்கராயன் என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. பூச்சியின் பெயர் ஒன்றிலும் இல்லை.

"இது என்னாங்க ஐயா, ஈசலுங்களா?" என்று கேட்டார் மாரிமுத்து.

"ஈசல் புற்றில இருந்து வாறது. இது ஒருநாட்பூச்சி. தண்ணிக்குள்ள மாசக்கணக்கா இருக்கும். பிறகு செட்டை முளைச்சு வெளியில வந்து, ஒரு நாள் பறந்து, சோடி சேர்ந்து, முட்டை போட்டிட்டுச் செத்துப்போகும்."

மாரிமுத்து யோசித்தார். "வறுத்துத் திங்கலாங்களா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்குங்க போத்தல்ல போட்டு வச்சிருக்கு?"

நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

வால் பக்கத்து விஞ்ஞானம்

சும்மா இருக்க முடியாமல் ஒன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. செட்டையில் நரம்புகள் கோலம் போட்டதுபோல ஓடும். சிலதுக்கு இரண்டு வால், சிலதுக்கு மூன்று. ஆண் பூச்சிக்குத் தலையில் இரண்டு கண் போதாதென்று, அதற்கு மேலே தலைப்பாகை கட்டியதுபோல இன்னும் இரண்டு. ஆனால் எந்த இனம் என்று உறுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால், ஆணின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கொடுக்கைப் பார்த்து வரைய வேண்டும்.

"காலமையில இருந்து என்ன செய்தனீங்கள்?" என்று செல்வராணி கேட்பாள். உள்ளதைச் சொன்னால், "வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்பாள்.

கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடியில் உள்ள கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பித்தான் வெளிச்சம் எடுக்க வேண்டும். முகில் வந்தால் விஞ்ஞானம் நின்றுவிடும். வெயில் திரும்பத் திரும்ப நானும் மேசையும் கதிரையும் அறையைச் சுற்றி வருவோம். பின்னேரம் முதலைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது.

என்னிடம் இருந்தது ஒரேயொரு புத்தகம். தடித்த, பழைய ஆங்கிலப் புத்தகம். அதன் முதல் முப்பது பக்கத்தையும் கறையான் தின்றுவிட்டது. பூச்சி எப்படிப் பிறக்கும், எப்படி வளரும் என்ற பாடமெல்லாம் கறையானின் வயிற்றுக்குள். இனங்களைப் பிரிக்கும் அட்டவணை மட்டும் முழுசாக இருந்தது. வேண்டியது அதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். பின்னால் வாங்கிய அடி முழுவதும் அந்த முப்பது பக்கத்துக்குள்தான் இருந்தது.

சாராயத்தில் ஒரு பரிசோதனை

பெரிய பிரச்சினை ஸ்பிரிட். போத்தல்களில் அரைவாசி வற்றிப்போயிருந்தது. வற்றினால் பூச்சி காய்ந்து, தொட்ட இடத்தில் தூளாகிவிடும். ஆஸ்பத்திரியில் ஊசி போடவே ஸ்பிரிட்டைத் துளித் துளியாகப் பாவித்த காலம். செத்த பூச்சிக்கு வேண்டும் என்று கேட்க எந்த முகத்தோடு போவது?

மாரிமுத்து ஒருநாள் எங்கிருந்தோ அரைப் போத்தல் கசிப்புச் சாராயம் கொண்டுவந்தார். மூன்று போத்தலில் ஊற்றிப் பார்த்தோம். இரண்டு நாளில் பூச்சி கறுத்துப்போனது. ஆனால் வாசம் அறை முழுக்கப் பரவி, அந்தக் கிழமை நூதனசாலைக்கு வந்த சனம் அதற்கு முன் இரண்டு வருடத்தில் வந்ததைவிட அதிகம். எல்லோரும் முதலையைத்தான் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டு புது இனம், இரண்டு பெயர்

இரணைமடுப் போத்தல்களில், எந்த அட்டவணையிலும் அடங்காத இரண்டு இனங்களை நான் கண்டுபிடித்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஒன்றின் செட்டை கண்ணாடி மாதிரி, வால் உடம்பைப்போல மூன்று மடங்கு. மற்றதன் செட்டை புகை பிடித்ததுபோல மங்கல், ஓரத்தில் மயிர், வாலும் கட்டை, முன்காலும் கட்டை.

பழைய இனத்துக்குத்தான் பழைய பெயர். புது இனம் என்றால் கண்டுபிடித்தவர் விரும்பிய பெயரை வைக்கலாம். செல்வராணிக்கு இதை விளங்கப்படுத்தியது நான் செய்த முதல் பிழை.

"அப்ப என்ர பேரையும் வைக்கலாமோ?"

"வைக்கலாம்."

"உலகம் முழுக்க அந்தப் பேரைத்தான் சொல்லுவினமோ?"

"ஓம். உலகம் முழுக்க."

அடுத்தநாள் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நாங்கள் அப்போது உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு வீட்டில் இருந்தோம். நான் சைக்கிளில் போகும்போது வேலியால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், செல்வராணியின்ர பூச்சி சுகமே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் மாஸ்டரே இல்லை.

இரண்டாவது பிழை பணிப்பாளரிடம் போனது. அருளம்பலம் சேர் நல்ல மனிசன். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் கேட்பவர்கள் கதிரையை மாற்றி மாற்றி இருக்க வேண்டிவரும். ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு கடிதம் கொடுத்தால் ஸ்பிரிட் கிடைக்கும். செத்த பூச்சிக்கு அவர் கடிதம் கொடுப்பாரா? ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன்: "சேர், புது இனம் ஒண்டுக்கு உங்கட பேரை வைக்கலாம் எண்டு யோசிக்கிறன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அரை நிமிடம் பேசவில்லை. அவரை அப்படி நான் கண்டதே இல்லை.

"எத்தினை லீற்றர் வேணும் தம்பி?"

அத்தோடு நிற்கவில்லை. பெயரை முறையாகச் சூட்ட வேண்டுமாம். வாற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். குத்துவிளக்கு, நிறைகுடம், மாலை எல்லாம் வேண்டுமாம். கடிதத்தை விழா முடிந்த கையோடு தருவாராம்.

அழகான கண்ணாடிச் செட்டை பணிப்பாளருக்கு என்று முடிவாயிற்று. மங்கல் செட்டை செல்வராணிக்கு. நாற்பது போத்தலும் பிழைக்க வேண்டுமே!

"இதோ நான்?"

செவ்வாய்க்கிழமை அவள் தன் பூச்சியைப் பார்க்க வந்தாள். சாறி உடுத்து, பொட்டு வைத்து. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் கனநேரம் பார்த்து, இதற்கா தன் பெயர் என்பதுபோல நிமிர்ந்தாள்.

"இதோ நான்?"

"இஞ்சரும், அது..."

"செட்டையில ஊத்தை பிடிச்சிருக்கு."

"ஊத்தை இல்லை, இயற்கையான நிறம்."

"மற்றதைக் காட்டுங்கோ."

காட்டினேன். அந்த நேரம் பார்த்து வெயில் நன்றாக அடித்தது. கண்ணாடிச் செட்டை வானவில்லாக மின்னியது.

"இது ஆருக்கு?"

மாரிமுத்து முதலைக்குத் தூசி தட்டுவதற்காக அறையின் மற்றப் பக்கம் போய்விட்டார். அவள் சாறித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். வீடு போய், இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டை மட்டும் வைத்தாள். கறி எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

உண்மையில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கலியாணம் கட்டி ஆறு வருடம். ஒரு நல்ல சாறி வாங்கிக் கொடுத்ததில்லை. நான் கொடுப்பதாகச் சொன்ன ஒரே பெரிய பொருள் அந்தப் பெயர். அதிலும் மிச்சத்தைத்தான் கொடுத்தேன்.

துணிக்கொடியில் நடந்தது

புதன்கிழமை பொழுதுபடும் நேரம். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வராணி கொடியில் காய்ந்த துணி எடுக்கப் போனவள் கத்தினாள்.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! உங்கட கண்டறியாத பூச்சி!"

என் வெள்ளை வேட்டியில் மங்கல் செட்டைப் பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலிலிருந்து வந்திருக்கிறது. அதன் முதுகு வெடித்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வெடிப்பால் இன்னொரு பூச்சி மெதுவாக வெளியே வந்தது. தலை வந்தது. கால் வந்தது. கடைசியாக, செட்டையைச் செட்டைக்குள்ளிருந்தே உருவி எடுத்தது. கண்ணாடிச் செட்டை. நீண்ட வால். கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பிப் பறந்துபோனது. வேட்டியில் வெறும் தோல் மட்டும் கிடந்தது, மங்கல் செட்டையோடு.

செட்டை முளைத்த பிறகும் இன்னொருமுறை தோல் கழற்றுகிற பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். கறையான் தின்ற முப்பது பக்கத்தில் அதுதான் எழுதியிருந்திருக்கும்.

"அப்ப ரெண்டும் ஒண்டு," என்றாள் செல்வராணி.

"ஓம்."

"ஒண்டெண்டால் ஒரு பேர்தானே?"

"ஓம்."

அவள் அந்தத் தோலை ஊசி முனையால் பக்குவமாக எடுத்து, ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் வைத்தாள். "ஆரின்ர பேரை வைக்கப்போறியள்?"

விதி என்ன சொல்கிறது என்றால், ஒரே பூச்சிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர் விழுந்தால், அதைத் திருத்துகிறவர் தெரிவு செய்வதுதான் நிலைக்கும். திருத்த வேண்டியவன் நான். பணிப்பாளர் பெயரை விட்டால் ஸ்பிரிட் இல்லை. மாரி மழைக்கு முன்னம் நாற்பது போத்தலும் தூள். செல்வராணி பெயரை விட்டால் அவள் எந்த முகத்தோடு சங்கக்கடைக்குப் போவாள்? வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது.

"கொஞ்சம் யோசிப்பம்," என்றேன்.

"யோசியுங்கோ, யோசியுங்கோ," என்று துணியை உதறி மடித்தாள். பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: "உங்கட பணிப்பாளருக்கு இப்ப அட்டமத்துச் சனியெல்லே?"

"ஓம். சாத்திரம் கேட்ட நாளில இருந்து அதே கதைதான். காகத்துக்குச் சோறு வைக்காமல் வாயில தண்ணியும் படாது. ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

விழா

வெள்ளிக்கிழமை. பூச்சிப் போத்தல் பார்வைக்குப் போதாது என்று எங்கள் குசினியில் விளக்காக எரிந்த ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். மாரிமுத்து கோயிலடியில் மாலை கட்டுவித்து வந்திருந்தார். அது சாமிக்குக் கட்டுகிற அளவில் இருந்தபடியால், போட்டதும் போத்தலைக் காணவில்லை. அலுவலகத்துச் சனம் இருபது பேர் நின்றார்கள்.

பணிப்பாளர் பேசினார். வன்னியின் வரலாறு, குளங்கள், தன்னுடைய பள்ளிக்கூடக் காலம். முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான், அதே இனத்தில் இன்னொன்றை வைத்திருந்த நுணுக்குக்காட்டிக்கு வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன வடிவு! தம்பி, இது என்ன சாப்பிடும்?"

நான் வாய் திறக்க முன்னர் தேத்தண்ணித் தட்டம் நடுவில் வந்துவிட்டது.

"ஒண்டும் சாப்பிடாது சேர்," என்றாள் செல்வராணி. "அதுக்கு வாய் இல்லை."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தட்டத்திலிருந்து எடுத்த தேத்தண்ணியோடு பணிப்பாளர் பனங்கட்டித் துண்டை வாயருகே பிடித்தபடி நின்றார்.

"வாய் இல்லையோ?"

"இல்லை சேர். வயித்துக்குள்ளயும் வெறும் காத்துத்தான்."

"அப்ப எப்பிடிச் சீவிக்கும்?"

"எங்க சேர் சீவிக்கிறது! இண்டைக்குப் பின்னேரம் செட்டை முளைச்சால் நாளைக்கு விடிய முடிஞ்சுது. விளக்கைக் கண்டால் அதுக்கு முதலே சரி." குத்துவிளக்கை ஒருமுறை பார்த்தாள். "பாவம். சோறு தண்ணி இல்லாமல் போற சீவன்."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அவ்வளவும் நான் சொல்லிக் கொடுத்த விஞ்ஞானம்.

பணிப்பாளர் தேத்தண்ணியை வைத்தார். என்னைக் கையில் பிடித்து முதலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, எனக்கு அட்டமத்துச் சனி. அடுத்த மாசம் பென்சன். இந்த நேரத்தில உந்தப் பூச்சிக்கு என்ர பேர் வேண்டாம்."

"சேர், எல்லாருக்கும் சொல்லியாச்சு..."

"கோதாரி! வேண்டாமெண்டால் வேண்டாம். பேரும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். எங்கயும் ஒரு மூலையிலயும் இருக்கக் கூடாது. நீர் கேட்டது எத்தினை லீற்றர்?"

"ரெண்டு சேர்."

"நாலாய் எழுதுறன்."

திரும்பி வந்து கூட்டத்தைப் பார்த்து, பெண்களைக் கனம்பண்ணுவதே தன் கொள்கை என்றும், ஆகவே இந்தப் பெருமையைத் திருமதி செல்வராணிக்கு விட்டுக்கொடுப்பதாகவும் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மாரிமுத்து விசிலும் அடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் பாரில் இருந்தவளிடம் கேட்டேன். "வேணுமெண்டுதானே சொன்னனீர்?"

"உள்ளதைத்தானே சொன்னனான்," என்றாள். அன்று கறி மூன்று.

புத்தகத்துக்குள் இருந்தது

விவரணம், படங்கள், இரண்டு பூச்சி எல்லாவற்றையும் வவுனியாவுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து ஒரு வெளிநாட்டு நூதனசாலை என்று அனுப்பினேன். பதில் வரக் கனகாலம் எடுத்தது. அதற்கிடையில் சண்டை வந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம். முதலை போய்விட்டது. போத்தல்களைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்தோம். கொட்டிலுக்கு வந்து குந்திய முதல்நாளே பக்கத்து வீட்டுப் பெண் செல்வராணியைக் கேட்டாள்: "உங்கட பேரைத்தானே அக்கா பூச்சிக்கு வைச்சவை?"

அங்கேதான் கடிதம் வந்தது. அந்த வெளிநாட்டுப் பேராசிரியர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். படங்கள் அருமை. ஆனால் இந்த இனத்தை நூறு வருடத்துக்கு முன்னரே வேறொருவர் விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். தங்கள் துணைவியாருக்கு என் வருத்தத்தைத் தெரிவிக்கவும்.

நான் தெரிவிக்கவில்லை. எப்படித் தெரிவிப்பது? எல்லாம் விட்டுவிட்டு வந்தவளிடம் மிஞ்சியது அந்தப் பெயர்தான். கடிதத்தைக் கறையான் தின்ற புத்தகத்துக்குள் ஒளித்தேன். அதை உலகத்தில் வேறு யாரும் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதன் பிறகு ஊர் ஊராக, வீடு வீடாக, யாராவது அவளுடைய பூச்சியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் நிலத்தைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கிழமைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கடிதம் இருந்தது. அதன் மடிப்புக்குள் இன்னொன்றும் இருந்தது. கொப்பித் தாளில் மடித்த சின்னப் பொட்டலம், தாள் மஞ்சளித்து மடிப்பில் கிழிந்திருந்தது. மல்லாவியில் அப்போது கிடைத்த மட்டமான சதுரக் கொப்பித் தாள். உள்ளே ஒரு பூச்சித் தோல், மங்கல் செட்டையோடு, முழுசாக. கூடவே ஒரு சிட்டை. செல்வராணியின் உருண்டை எழுத்து.

இடம்: உருத்திரபுரம், எங்கட வளவு, துணிக்கொடி.
எடுத்தவர்: செல்வராணி.
பேர்: வேற ஆளின்ரயாம்.
தோல்: என்ர.

நான் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, எழுதி முடிச்சிட்டியளோ? என்ர பேரைச் சரியாப் போட்டனீங்களோ?"

"ஓம்," என்றேன்.